அறபுக் குழந்தையும் ஆங்கில அளவுகோலும்

டவுண் சின்ட்ரோம் உடைய குழந்தைகளின் மொழி பற்றிய ஆய்வு பெரிதும் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டே வளர்ந்தது. 21ஆம் நிறமூர்த்தம் மேலதிகமாக அமைவதே இந்நிலைக்குக் காரணம் என்பதை 1959இல் லெஜூனும் சகாக்களும் வெளியிட்டனர். இக்குழந்தைகள் சொற்பொருளை அறிவதிலும் பார்க்க, சொற்களை இலக்கண வடிவில் அமைத்துப் பேசுவதிலேயே கூடுதலாக இடர்ப்படுகின்றனர் என்பதும், இறந்தகால விகுதி முதலியன அவர்தம் பேச்சில் விடுபடுகின்றன என்பதும் ஆங்கில ஆய்வுகள் நிறுவிய முடிபுகள். இவற்றிற் பிழையில்லை. விடுபடுதலையே இலக்கண இடர்ப்பாட்டின் பொது வடிவமாகக் கொள்வதுதான் பிழை.

அறபு இதற்கு இடங்கொடாது. தமிழில் ‘மரம்’ என்பதனோடு ‘கள்’ சேர ‘மரங்கள்’ ஆகும். ஆங்கிலமும் ஏறத்தாழ இவ்வாறே. அறபிலோ க்-த்-ப் என்னும் மூன்று மெய்களே வேர். அவற்றிடையே உயிர்கள் புகுந்த பின்னரே சொல் பிறக்கிறது. ‘கிதாப்’ நூல், ‘குதுப்’ நூல்கள். ‘கதப’ எழுதினான், ‘கதபத்’ எழுதினாள். ஒரு சிறுமியைச் சுட்டிக் குழந்தை ‘கதப’ என்று சொல்லுமாயின், அச்சொல்லில் எக்குறையும் தோன்றாது. பால் மட்டுமே வழுவியிருக்கும். விடுபட்டவற்றை எண்ணுவோர் இதனைக் காணத் தவறுவர். குழந்தைக்கு வேண்டிய பயிற்சியும் கிட்டாது போகும்.

செவிக்குறைபாடு இக்குழந்தைகளிடையே மிகுதி என்பதால், மெல்லென ஒலிக்கும் ஈறுகள் செவிப்படுவதில்லை என விளக்குவோருமுளர். ‘கிதாப்’, ‘குதுப்’ என்பவற்றின் வேறுபாடோ சொல்லின் உள்ளேயே ஒலிக்கிறது. அங்கு அவ்விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும்?

றோஜர் பிறவுண் 1973இல் வெளியிட்ட நூலினால் பரவலான அளவுகோல், கூற்றொன்றிலுள்ள உருபன்களின் சராசரி எண்ணிக்கை ஆகும். ‘கதப’ என்பதில் உருபன்கள் எத்தனை? வேரும் உயிரமைப்பும் தனித்தனியே எண்ணப்படுமா? இதற்கு விடை காணாது அறபுக் குழந்தையையும் ஆங்கிலக் குழந்தையையும் ஒரே எண்ணால் அளப்பது ஆய்வாகாது.

இன்னொன்று இரட்டை வழக்கு. பேர்கியூசன் 1959இல் இதனை விளக்குகையில் எடுத்துக்கொண்ட மொழிகளுள் அறபும் ஒன்று. எழுத்தும் பேச்சும் விலகி நிற்கும் தமிழ்ச் சூழலில் வளர்ந்தோர்க்கு இது புதிதன்று. எழுத்து வழக்கின் வேற்றுமை ஈறுகள் வீட்டு அறபில் வழங்குவதில்லை. அவற்றைக் குழந்தை சொல்லவில்லை என்று குறைபாட்டுப் பட்டியலிற் சேர்ப்பது அநீதி. ஒப்பிடவேண்டியது அதே ஊர்ப் பேச்சைப் பேசும் ஏனைய குழந்தைகளுடன். கெய்ரோப் பேச்சில் எதிர்மறை உருபு வினையின் முன்னும் பின்னும் நிற்கும். றியாத்தில் முன்னால் மட்டுமே நிற்கும்.