உள்ளங்கையில் மலை: நாஞ்சில் நாட்டு மலைகளும் ஓவியமும்

தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-இல் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே வந்தார்கள். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். களக்காட்டுக்கு அருகே நின்று ஒரு மலையையும் வரைந்தார்கள். செம்புத் தகட்டில் அமிலம் கொண்டு பொறித்து, வண்ணம் ஏற்றி, 1807-இல் லண்டனில் வெளியிட்ட நிலக்காட்சித் தொகுதியில் அந்த மலைப் படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘குமரிமுனை, களக்காட்டருகிலிருந்து’. இன்றைய வாசகருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். களக்காட்டுக்கும் முக்கடல் கூடுமிடத்துக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைக்கோடி முழுவதும் கிடக்கிறதே! ஆனால் கப்பலில் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது, தாழ்ந்த கரைக்குப் பின்னால் 1,600 மீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கும் மகேந்திரகிரிதான். அந்த நாளில் குமரி என்ற பெயர் மலைக்கும் பொருந்திற்று.

பிறகு அந்தப் பொருத்தம் போய்விட்டது. இன்று கன்னியாகுமரி என்றால் ஓவியரின் தூரிகை தானாகவே கடலுக்குப் போகிறது. சூரியோதயம், 1970-இல் எழுந்த விவேகானந்தர் மண்டபம், 2000-இல் எழுந்த வள்ளுவர் சிலை, அலை. இவை வரையத் தகுந்தவைதாம். ஆனால் இந்த மாவட்டத்தின் கதைகளில் பெரும்பகுதி மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த மலைகளை மலைகளாகவே பார்த்து வரைந்த ஓவிய மரபு நமக்கு ஏன் வலுவாக அமையவில்லை என்ற கேள்வி என்னை நெடுநாளாகத் தொடர்கிறது.

பூதப்பாண்டிப் பக்கம் போனால் தாடகை மலை. ‘அந்தா பாரு, தாடகை படுத்துக் கெடக்கா’ என்று பிள்ளைகளுக்குக் காட்டாத பெரியவர்கள் அங்கே குறைவு. நெற்றி, மூக்கு, மார்பு, வயிறு என்று வானத்தின் ஓரமாக ஒரே கோடு ஓடுகிறது. இராமனின் அம்பு பட்டு விழுந்தவள் விழுந்த கோலத்திலேயே கல்லானாள் என்பது கதை. கிழக்கே மகேந்திரகிரி, அனுமன் இலங்கைக்குத் தாவிய இடம். அதன் அடிவாரத்தில் இன்று ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம். நாகர்கோவிலிலிருந்து குமரிக்குப் போகும் வழியில் மருந்துவாழ்மலை, அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு. அதன் பிள்ளைத்தடம் குகையில் நாராயண குரு தவமிருந்தார். வேளிமலையில் முருகனும் வள்ளியும். ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை, 1752 ஜனவரி 14 அன்று, கிறித்தவம் தழுவிய தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட இடம். அங்கே கல்லால் தட்டினால் மணியோசை கேட்கும் பாறையொன்று உண்டு. மணியடிச்சான் பாறை என்பார்கள். 2022 மே மாதம் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்த மலையின் பெயர் உலகெங்கும் போயிற்று.

இத்தனையும் இருக்க, ஓவியம் என்ன செய்தது?

இந்த மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய வண்ணம் ஒரு பாறையின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. குலசேகரத்தை அடுத்த திருநந்திக்கரைக் குடைவரையில், சுதைப் பூச்சின் மேல் மங்கிப்போன கோடுகள். ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியவை என்பார்கள். மலையைக் குடைந்து உள்ளே படம் எழுதினார்கள், மலையை எழுதவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையிலும் சுசீந்திரம் கோபுரத்தின் உட்சுவர்களிலும் உள்ள ஓவியங்கள் வேறொரு உலகம். அங்கே தெய்வத்துக்கே முழு இடம். இந்த வகைச் சுவரோவியத்தில் மலை வந்தாலும் அது அடுக்கடுக்கான மேடுகளாக, நடுவே ஒரு மரமும் ஒரு மானும் தாங்கி, கதைக்கு இடம் சொல்லும் குறியாக நிற்கும். அது குறையாகாது, அந்தக் கலையின் இலக்கணம் அப்படி. வேளிமலையை அண்ணாந்து பார்த்தபடியே பத்மநாபபுரத்துச் சுவரில் எழுதியவர்கள், அந்த மலையின் வடிவத்தைச் சுவருக்குக் கொண்டுவரத் தேவை இருப்பதாக நினைக்கவில்லை.

சஞ்சீவி மலையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அனுமன் படம் இல்லாத தெரு இல்லை. பறக்கும் உடல், வலுவான தோள், தூக்கிய கை. அந்த உள்ளங்கையில் பச்சை பூசிய ஒரு சிறு மேடு. ஓவியர் தன் திறமை முழுவதையும் அனுமனின் முகத்திலும் வாலின் வளைவிலும் செலவழித்துவிட்டு மலைக்கு வரும்போது அவசரப்படுகிறார். மருந்துவாழ்மலைக்குக் கீழே கடை வைத்திருப்பவரின் சுவரிலும் அதே படம்தான். கண்முன் நிற்கும் உண்மையான மலையின் கரிய பாறை, மேலே போகப் போக மெலியும் புதர், உச்சியின் சரிவு எதுவும் அந்த உள்ளங்கை மேட்டில் இல்லை.

நிலக்காட்சி நம்மிடம் தனிக் கலையாக வந்தது எண்ணெய் வண்ணத்தோடு. இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. கிளிமானூர் ராஜா ரவிவர்மா அதே சமஸ்தானத்துக்காரர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய தம்பி ராஜ ராஜ வர்மாவை ஏனோ மறந்துவிடுகிறார்கள். 1905-இல் அண்ணனுக்கு முன்பே இறந்துபோன அவர்தான் அந்த வீட்டின் நிலக்காட்சி ஓவியர். அண்ணனின் புராணப் படங்களில் பின்னணி தீட்டுவதில் அவர் கை இருந்தது. புராண நாயகனும் நாயகியும் முன்னால் நிற்க, பின்னால் மங்கலாக ஒரு மலை. மலைக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அடுத்த அடி நாடகக் கொட்டகையில் விழுந்தது. இதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தமிழர் பெருந்திரளாகப் பார்த்த மலை இங்கேதான் பிறந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரிப் பையன், பின்னாளில் நகைச்சுவை நடிகரான என்.எஸ். கிருஷ்ணன் நாடகக் கம்பெனியில் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் சீன் எழுதுகிறவர் தேவைப்பட்டார். தெரு சீன், தர்பார் சீன், வன சீன் என்று சுருட்டி விரிக்கும் திரைகள். வனத்திரையில் ஒரு அருவி, நீல மலை, நீர்நிலை. அதே திரை வள்ளி திருமணத்துக்கும் உதவும், இராமாயணத்துக்கும் உதவும். அப்படிச் சீன் எழுத வந்தவர்களில் ஒருவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு, 1898-இல் பிறந்தவர். நாற்பதுகளில் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களின் வழியாகக் காலண்டர்களாக வீடுவீடாகப் போனார்கள். அந்த முருகனுக்குப் பின்னால் தெரியும் மலையை உற்றுப் பார்த்தால் நாடகத்திரை புலப்படும். ஒளி ஒரே மாதிரி, பனி ஒரே மாதிரி, அருவி எப்போதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ சரியாக ஓரத்தில். பழனியும் அதுதான், வேளிமலையும் அதுதான். கொண்டையராஜு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முகத்தில் அவர் கொண்டுவந்த கருணைக்கு ஈடில்லை. ஆனால் அவருடைய மலைக்கு ஊர் கிடையாது.

இதே சிக்கலை வேறொரு நாடு வேறு விதமாகச் சந்தித்தது. பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ், நம்மைப் போலவே மலைக்கு மலை கதை கட்டிய நாடு. காடெர் இத்ரிஸ் என்ற மலை இத்ரிஸ் என்னும் அரக்கனின் இருக்கை. அதன் மேல் ஓரிரவு உறங்கினால் கவிஞனாகவோ பித்தனாகவோ எழலாம் என்பது அங்குள்ள நம்பிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் வில்சன் அந்த மலையின் உச்சிக்குக் கீழுள்ள ஏரியை வரைந்தார். அரக்கன் படத்தில் இல்லை. கிண்ணம் போல வளைந்த பாறைச் சுவரையும் அடியில் அசையாத நீரையும் வரைந்து, அங்கே ஒரு பேருருவம் உட்கார்ந்திருக்கலாம் என்ற எண்ணத்தைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்பினார். அவருடைய மாணவர் தாமஸ் ஜோன்ஸ் 1774-இல் எதிர்வழி போனார். படையெடுத்து வந்த இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு வேல்ஸ் பாணர்களைக் கொன்றான் என்ற கதையை எடுத்து, மலைவிளிம்பில் யாழோடு நிற்கும் கடைசிப் பாணனை வரைந்தார். இருபதாம் நூற்றாண்டில் கிஃபின் வில்லியம்ஸ் (1918–2006) வில்சனின் வழியை இன்னும் முரட்டுத்தனமாக எடுத்துச் சென்றார். தூரிகையை ஒதுக்கி, வண்ணக் கத்தியால் கறுப்பையும் சாம்பலையும் தடித்த அப்பல்களாக அப்பினார். அவருடைய பாறையில் கனம் இருக்கிறது. கீழே ஒரு விவசாயி நாயோடு நடந்துபோவான், சில படங்களில் அவனும் இல்லை. கதையை வரையாமல் கதை பிறப்பதற்குக் காரணமான வடிவத்தை வரைவது என்ற இந்த வழியே நம் மலைகளுக்கு ஏற்றது என்பது என் துணிபு. தாடகை மலைக்கு முன்னால் நின்று அரக்கியை வரைந்தால் ஒரு அரக்கி கிடைப்பாள். மலையின் வரிவடிவை மட்டும் உண்மையாக வரைந்தால், அதைப் பார்த்து முதன்முதலில் ‘பொம்பள மாதிரி இருக்கே’ என்று வியந்தவரின் கண் நமக்குக் கிடைக்கும்.

தமிழில் இதற்கு அருகே வந்தவர் மதுரையின் மனோகர் தேவதாஸ் (1936–2022). விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்த காலத்திலும் மைக்கோடுகளால் மதுரையை வரைந்தவர். மதுரையை அடுத்த ஆனைமலை, சமணர் ஏவிய யானை கல்லான கதையைச் சுமக்கும் மலை. அதன் மேல் சமணரே செதுக்கிய சிற்பங்களும் அடிவாரத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரையும் உண்டு. தேவதாஸின் கோடுகளில் அது வயல்களுக்கு அப்பால் படுத்திருக்கும் பாறையாகவே இருக்கிறது. தும்பிக்கையை அவர் தனியாக வரைந்து காட்டவில்லை, காட்டத் தேவையும் இருக்கவில்லை.

சென்னைக் கலை இயக்கம் இந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் இளமையில் நீர்வண்ண நிலக்காட்சிகளால் பெயர் பெற்றவர். அறுபதுகளில் எழுத்தும் குறியீடும் நிறைந்த ஓவியங்களுக்கு நகர்ந்தார், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. இந்தியத்தன்மையைத் தேடிய அந்தத் தலைமுறைக்கு நிலக்காட்சி வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பழக்கமாகப் பட்டது. காரணம் புரிகிறது. ஆனாலும் அதனால் மலை நினைவுப்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது என் வருத்தம். அந்த இடைவெளியை எழுத்தாளர்கள் நிரப்பினார்கள். ஜெயமோகனின் ‘காடு’ நாவலைப் படித்தவர்களுக்குக் குமரி மலைக்காட்டின் ஈரமும் இருட்டும் நன்றாகத் தெரியும்.

வரைய வருகிறவருக்கு இங்கே வேலை நிறைய. நாகர்கோவில் சுற்றுவட்டாரத்துப் பாறையில் பெரும்பகுதி சார்னோக்கைட். புதிதாக உடைந்த முகத்தில் கருநீலமும் பச்சையும் கலந்து மின்னும், வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பேறிச் சாம்பலாகும். காலண்டர் நீலம் இதற்கு ஒத்துவராது. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் ஒரே மலை ஆடிச்சாரலில் ஒரு நிறம், ஐப்பசியில் வேறு நிறம். கன்னிப்பூப் போக நெல் நாற்றுக்கு மேலே தெரியும் மலையும் கும்பப்பூப் போகம் அறுத்த தாளடிக்கு மேலே தெரியும் மலையும் ஒன்றல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் பசுமை, அந்தப் பக்கம் வறண்ட முள்மரம். கடலிலிருந்து பார்த்தால் இன்னொரு வரிசை: நம் மீனவர்கள் ஒரு மலையுச்சியை இன்னொன்றோடு நேர்ப்படுத்தி மீன்பாடுள்ள இடத்தைக் குறித்துவைக்கிறவர்கள். அவர்கள் மனத்திலுள்ள மலைவரிசையை எந்த ஓவியரும் உட்கார்ந்து கேட்டு வரைந்ததாக நான் கண்டதில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் உள்ள முப்பந்தலில், காற்றாலையை வரைவதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டிய ஒரு கேள்வி காத்திருக்கிறது. சேர சோழ பாண்டியர் மூவரும் பந்தலிட்டுக் கூடிய இடம் என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். அதை ஒட்டிய ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைத்தான் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது, 1809 பிப்ரவரியில், கிழக்கிந்தியக் கும்பினிப் படை உடைத்து நுழைந்தது. இன்று அதே கணவாய்க் காற்றில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. அழகுக்காக அவற்றைப் படத்திலிருந்து நீக்குகிறவர் நாடகத்திரைக்குத் திரும்பிப் போகிறார். மூவேந்தரைக் கூட்டிவந்ததும் கும்பினிப் படையைக் கூட்டிவந்ததும் காற்றாலையைக் கூட்டிவந்ததும் மலைத்தொடரில் உள்ள அந்த ஒரே திறப்புதான். அந்தத் திறப்பை வரைகிறவர் காற்றாலையையும் சேர்த்தே வரையட்டும். குவாரிகள் சில குன்றுகளின் விலாவை ஏற்கெனவே அறுத்துவிட்டதால், அந்த வெட்டுமுகத்தின் கருநீலத்தையும் அவர் விட்டுவிட முடியாது.