பன்னிரண்டு குழந்தைகளின் கதை

கதை எழுதுகிறவனுக்கு வைத்தியப் பத்திரிகையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். உடற்கூறும் ரசாயனமும் நான் முறையாகப் படித்தவை அல்ல. ஆனாலும், 1998-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்ற பிரசித்தமான வைத்தியப் பத்திரிகையில் வந்த ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மூன்றாம் தடவை, அது ஆராய்ச்சிக் கட்டுரை என்பதையே மறந்துவிட்டு, ஒரு சிறுகதையைப் படிப்பதுபோலப் படித்துப் பார்த்தேன். அது ஏன் இத்தனை பேரைப் பிடித்து ஆட்டியது என்பது அப்போதுதான் விளங்கிற்று. இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டது ஒரு வாசகியின் கடிதம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுரையை எழுதியவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்கள் பன்னிரண்டு பேரும். விஷயம் இதுதான். பன்னிரண்டு குழந்தைகள். எல்லாரும் அதுவரை நல்லபடியாக வளர்ந்துகொண்டிருந்தவர்கள். பிறகு பேச்சு மறைகிறது, பழகிய வழக்கங்கள் மறக்கின்றன. கூடவே குடல் கோளாறு. எப்போது ஆரம்பித்தது என்று விசாரித்தால், எட்டுக் குழந்தைகள் விஷயத்தில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற எம்.எம்.ஆர். ஊசிக்குப் பிறகுதான் என்று பதில் வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று தாங்கள் நிரூபித்துவிடவில்லை என்று கட்டுரையே ஒரு மூலையில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதை ஒட்டி நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் வேக்ஃபீல்ட், மூன்றையும் சேர்த்துப் போடுவதை விட்டுத் தனித்தனியாகப் போடலாம் என்று சொன்னார். ஒப்புதல் மூலையிலேயே தங்கிவிட்டது. பேச்சு ஊரெல்லாம் பரவிற்று.

கதை என்ற முறையில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கள்ளங்கபடமற்ற பாத்திரங்கள். ஒரு நாள், ஒரு ஊசி, ஒரு மாற்றம். சாட்சி சொல்கிறவள் தாய். அவளைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கு மனசு வரும்? எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்திரங்களின் தொகை அளவாக இருக்கிறது. பன்னிரண்டு குழந்தைகளை மனசில் வரிசையாக நிறுத்திக்கொள்ள முடியும். டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்து, ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் ஆட்டிசம் வருவதில் வித்தியாசம் இல்லை என்று 2002-இல் சொன்னார்கள். 2019-இல் அதே தேசத்தில் 6,57,461 குழந்தைகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதையே கண்டார்கள். இந்த லட்சங்களை யார் மனசில் நிறுத்திக்கொள்வது? லட்சங்களுக்கு முகம் கிடையாது.

இதில் அந்தத் தாய்மாரைப் பரிகசிக்க எனக்கு மனசு வரவில்லை. இங்கிலாந்தில் அந்த ஊசியின் முதல் தவணை போடுவது குழந்தைக்கு ஒரு வயது கடந்த சமயத்தில். ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் அநேகமாக அதை ஒட்டிய மாதங்களில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் விழுந்தது தன் குழந்தையாக இருக்கும்போது, அங்கே உட்கார்ந்திருந்த காக்கையை எந்தத் தாய்தான் மறப்பாள்?

பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் 2004 முதல் வருஷக்கணக்கில் இந்தக் கட்டுரையின் பின்னணியைத் தோண்டினார். வெளியே வந்தவை எல்லாம் எழுதுகிறவனுக்குப் பரிச்சயமான வேலைகள். பன்னிரண்டு பேருமே முன்பு குறையில்லாதவர்கள் என்று எழுதியிருந்தது. ஐந்து குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஊசிக்கு முன்பே கவலை இருந்திருக்கிறது. ஒரு பையனுக்கு ஊசி போட்டது பதினைந்தாவது மாதத்தில். ஆஸ்பத்திரிக் குறிப்போ அடையாளங்கள் பதின்மூன்றாவது மாதத்திலேயே தொடங்கின என்கிறது. அந்தக் குழந்தைகள் தற்செயலாக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களும் அல்லர். ஊசி தயாரிக்கிற கம்பெனிகள்மீது வழக்குத் தொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர்களின் வட்டாரத்திலிருந்து பலர் வந்திருக்கிறார்கள். அந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குக் கிடைத்த தொகை நான்கு லட்சம் பவுனுக்கு மேல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ரத்தம் தேவைப்பட்டபோது, தம் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த குழந்தைகளுக்கு ஆளுக்கு ஐந்து பவுன் கொடுத்து ரத்தம் எடுத்தார் என்பதும் விசாரணையில் நிலைநாட்டப்பட்டது. இதை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகாசிரியர் அடித்துவிட்டிருப்பார்.

நிகழ்ச்சிகளின் வரிசையை முன்னும் பின்னுமாக மாற்றி வைப்பதும், கதைக்கு ஒத்துவராத தகவலை விட்டுவிடுவதும் எங்கள் தொழிலில் சகஜம். அதற்கு உத்தி என்று பெயர். வைத்தியத்தில் அதற்கு வேறு பெயர். சகாக்களில் பத்துப் பேர் 2004-இல் அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் 'லான்செட்' கட்டுரையை முழுவதுமாக வாபஸ் வாங்கிற்று. அதே வருஷம் மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் டாக்டர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2011 ஜனவரியில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' மோசடி என்ற வார்த்தையையே போட்டு எழுதிற்று. தாம் குற்றமற்றவர் என்று வேக்ஃபீல்ட் சொல்லிவந்திருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையை வாபஸ் வாங்கலாம். கதையை வாங்க முடியாது. இங்கிலாந்தில் அந்த ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளின் விகிதம் 2003–04-இல் நூற்றுக்கு எண்பது என்ற அளவுக்கு இறங்கிற்று. தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பு இல்லாத ஜனங்கள் நடுவே, பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுத்துவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டுக்கொண்டிருந்தால்தான் அது ஊருக்குள் பரவாமல் இருக்கும். 2006-இல் பதின்மூன்று வயசுப் பையன் ஒருவன் இறந்தான். பதினான்கு வருஷங்களில் அந்த நாட்டில் தட்டம்மைக்கு முதல் சாவு. 2012–13-இல் வேல்ஸில் ஸ்வான்ஸி வட்டாரத்தில் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் கண்டது. அவர்களில் பலர், கட்டுரை வந்த காலத்தில் கைக்குழந்தைகளாக இருந்து ஊசியைத் தவறவிட்டவர்கள்.

இதோடு முடிந்திருந்தாலும் போதும். ஆனால் இந்த மாதிரிக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. நஞ்சு ஏறிற்று என்று ஒருவன் நம்பிவிட்டால், அதை இறக்குகிறவனைத் தேடிப் போகத்தானே செய்வான்? முதல் பாகத்தை எழுதியவர் இரண்டாம் பாகத்தை எழுத வேண்டும் என்பதுகூட இல்லை. எழுதித் தர ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

ஊசி மருந்து கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பாதரசக் கூட்டுப்பொருள்தான் காரணம் என்று அமெரிக்காவில் ஒரு கிளைக்கதை கிளம்பிற்று. எம்.எம்.ஆர். ஊசியில் அந்தப் பொருள் எப்போதுமே இருந்ததில்லை. ஆனாலும் உடம்பிலிருந்து உலோகத்தை இழுத்து வெளியேற்றுகிற மருந்தைக் குழந்தைகளின் நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். ஈய விஷத்துக்கு வைத்தியர்கள் கையாளுகிற முறை அது. 2005 ஆகஸ்டில் பென்ஸில்வேனியாவில் ஒரு டாக்டரின் அறையில் ஐந்து வயசுப் பையனுக்கு அந்த வகை மருந்தை ஏற்றியபோது, அது ரத்தத்தில் இருந்த சுண்ணாம்புச் சத்தை இழுத்துவிட்டது. பையனின் இதயம் நின்றுவிட்டது.

இன்னொன்று இதைவிடக் கொடியது. ஜிம் ஹம்பிள் என்பவர் 'அதிசய தாது திரவம்' என்று பெயர் வைத்து ஒன்றைப் பரப்பினார். சோடியம் குளோரைட்டில் எலுமிச்சையில் உள்ள புளிப்பைச் சேர்த்தால் குளோரின் டையாக்ஸைட் உண்டாகும். காகிதக் கூழையும் துணியையும் வெளுக்க ஆலைகளில் உபயோகிக்கிற சரக்கு. இதைக் குடிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2010-இலேயே எச்சரித்தது. அதற்குப் பிறகும் ஆட்டிசம் தீரும் என்று குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்தார்கள், எனிமாவாகவும் கொடுத்தார்கள். குடலின் உட்தோல் வெந்து இழை இழையாக வெளியே வந்தது. அதைப் பார்த்த தாய்மாருக்குச் சொல்லப்பட்ட விளக்கம்: இவை குழந்தையைப் பிடித்திருந்த புழுக்கள், மருந்து வேலை செய்கிறது, நிறுத்திவிடாதீர்கள்.

எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். காய்ச்சல் வந்தால் நஞ்சு வெளியேறுகிறது. குழந்தை கதறினால் நஞ்சு எதிர்க்கிறது. தோல் உரிந்து வந்தால் நஞ்சே வந்துவிட்டது. கெடுதல் அத்தனையும் குணத்துக்கு அத்தாட்சி. பொய் என்று காட்டுவதற்கு ஒரு வாசல்கூட வைக்காமல் கட்டிய வீடு இது. இந்தத் திரவத்தைத் திருச்சபை என்ற பெயரில் பிரசாதமாக விற்ற ஃப்ளாரிடாவைச் சேர்ந்த தகப்பனும் மூன்று மகன்களும் 2023-இல் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

2025-இல் டெக்ஸாஸ் மாகாணத்தின் மேற்கே தட்டம்மை பரவியபோது வந்தது வைட்டமின் ஏ கதை. டாக்டர் அளந்து கொடுத்தால் அது தட்டம்மைக்கு உதவுகிற மருந்துதான். ஊசிக்குப் பதிலாக அதுவே போதும் என்று பெற்றோர் வீட்டில் தாமாகவே கொடுத்தார்கள். லபக் நகரத்து ஆஸ்பத்திரியில் அம்மையோடு வந்த சில குழந்தைகளுக்கு, அளவு மிஞ்சிய வைட்டமினால் ஈரலும் கெட்டிருந்தது. அந்த மாகாணத்தில் ஊசி போட்டுக்கொள்ளாத இரண்டு குழந்தைகள் அம்மையில் இறந்தார்கள்.

இனி அந்தக் கடிதம். 2009-இல் 'வேப்பிலை' என்று ஒரு சிறுகதை எழுதினேன். கிராமத்துக்கு வருகிற பட்டணத்து டாக்டர் பாட்டியின் பேச்சை மதிக்காமல் மூத்த பேரனுக்கு ஊசி போடுகிறார். அன்று ராத்திரி பையன் போய்விடுகிறான். இளையவனை யாரிடமும் கொடுக்காமல் பாட்டி தன் கைவைத்தியத்தாலேயே பிழைக்க வைக்கிறாள். படித்தவர்களின் அகம்பாவத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி எனக்கு ஒரு சௌகரியம். கதையைத் திருப்ப ஒரு கருவி. அந்த ஊசியில் என்ன மருந்து இருந்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை. கதைக்கு நல்ல பேர் கிடைத்தது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் பள்ளிக்கூடங்களில் ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஏகப்பட்ட வதந்திகள் சுற்றிய சமயம் அது. அப்போதுதான் அந்த அம்மாள் எழுதினார். வதந்திகளைத் தான் நம்பவில்லை என்றும், ஆனால் பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிற அன்று காலையில் என் கதையில் வரும் மூத்த பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்து, மகனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். 'எவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறீர்கள், ஐயா' என்று முடித்திருந்தார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது ஒன்றுதான். மகனுக்கு ஊசி போட்டுவிடும்படி அன்றே பதில் எழுதினேன். போட்டாரா என்று தெரியாது.

அதற்குப் பிறகுதான் 'லான்செட்' கட்டுரையைத் தேடிப் படித்தேன். கூடவே இன்னொன்றும் படிக்கக் கிடைத்தது. குழந்தைகளுக்காக எழுதிப் பேர் பெற்ற ரோல்ட் டால், 1980-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் சுகாதாரத் துறையினர் பெற்றோர்களுக்கு விநியோகிப்பதற்காக எழுதிய சிறிய கடிதம் அது. அவருடைய மூத்த மகள் ஒலிவியா 1962 நவம்பரில் ஏழு வயசில் தட்டம்மையால் இறந்தாள். அந்த நாட்டில் அப்போது தடுப்பூசி வந்திருக்கவில்லை. அம்மை இறங்கித் தேறிவருகிறாள் என்று நினைத்து, படுக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து, வர்ணக் கம்பிகளை வளைத்து மிருகங்கள் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் மனசு சொன்னபடி வேலை செய்யவில்லை என்பதைக் கவனித்தார். தூக்கமாக வருகிறது என்றாள். ஒரு மணி நேரத்தில் நினைவு போயிற்று. பன்னிரண்டு மணி நேரத்தில் உயிரும் போயிற்று.

எத்தனையோ பேய்களையும் பூதங்களையும் படைத்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் எதையும் படைக்கவில்லை. வில்லன் இல்லை. யார்மீதும் கோபம் இல்லை. நடந்த வரிசையிலேயே சொல்லிவிட்டு, இன்றைக்கு இதைத் தடுக்க வழியிருக்கிறது என்கிறார். வைத்தியர் எழுதிய ஐந்து பக்கத்தில் கதைக்காரனின் கை தெரிகிறது. கதைக்காரன் எழுதிய கடிதத்தில் அது தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு முகத்தைக் காட்டுவது தப்பில்லை என்பது புரியும். அந்த முகத்தை எதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் யோக்கியதை இருக்கிறது.

ஆட்டிசத்துக்கு யாரைக் குற்றவாளியாக நிறுத்துவது என்று கேட்டால், விஞ்ஞானம் தருகிற பதிலில் கதை இல்லை. பெரும்பங்கு பரம்பரை, பலவும் பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறவை. யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை என்ற பதிலோடு ஒரு தாய் தன் குழந்தையை வளர்த்துக்கொண்டு போக வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பதை யாராவது நன்றாக எழுதினால், திரவம் விற்கிறவனிடம் போகிறவர்கள் கொஞ்சம் குறையலாம். நான் எழுதவில்லை. எழுத வேண்டும்.

'வேப்பிலை'யை என் தொகுப்பின் அடுத்த பதிப்பில் சேர்க்கவில்லை. பதிப்பாளர் வருத்தப்பட்டார். தொகுப்பிலேயே நல்ல கதை அதுதானே என்றார். அதனால்தான் சேர்க்கவில்லை என்று அவருக்குச் சொன்னேன்.