நொச்சியும் உழிஞையும்: 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' விளையாட்டில் கோட்காவல்

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்கு உரிய பனுவலாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் நம் துறையில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. எனினும், முற்றுகையையும் அரண்காவலையும் திணையாக வகுத்து ஆராய்ந்த இலக்கண மரபில் பயின்ற நமக்கு, விதிகளால் அமைந்த போரை வாசிப்பது அத்துணை அயலானதன்று.

ஸ்டீவ் பார்சியா வடிவமைத்து, மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்', விண்மீன்களிடையே பேரரசு அமைக்கும் விளையாட்டு. இதில் ஒவ்வொரு கோளின் வருவாயும் கப்பல், தற்காப்பு, தொழில், சூழல், ஆய்வு என ஐந்தாகப் பகுக்கப்படும். தற்காப்புக்கு ஒதுக்கும் பங்கே தரையில் ஏவுகணைத் தளங்களாகவும் கோட்கவசமாகவும் உருப்பெறுகிறது. தளங்களின் எண்ணிக்கையை ஆடுவோரே முடிவு செய்ய வேண்டும். ஆகவே 'எத்தனை போதும்?' என்ற வினா ஆட்டம் முழுவதும் தொடர்கிறது. தொழிற்சாலைகள் பெருகினால் வருவாய் பெருகும். ஆனால் கோளைக் கைப்பற்றும் பகைவன் அத்தொழிற்சாலைகளின் வழியே நம் நுட்பங்களையும் கவரக்கூடும். வளம் பெருகப் பெருக ஆசையும் பெருகும் என்னும் அரசியல் உண்மையை ஓர் உரையாடலும் இன்றி இவ்விதி உணர்த்திவிடுகிறது.

கவசத்தின் கணக்கும் நோக்கத்தக்கது. சாதாரண லேசரின் தாக்கம் 1 முதல் 4 வரை. முதல்நிலைக் கோட்கவசமோ ஒவ்வொரு தாக்கிலும் 5 அலகைக் குறைத்துவிடும். நூறு கப்பல்கள் சூழ்ந்து நின்று சுட்டாலும் பயன் சுழியமே. 3 முதல் 12 வரை தாக்கும் அணுகுண்டைச் சுமந்து வருவோனே ஊடுருவ முடியும். எண்ணிக்கையன்று, தக்க கருவியே அரணை உடைக்கும் என்பது இதன் பொருள். மேலும், புதிய நுட்பம் கிடைத்ததும் பழைய தளங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. கட்டி முடித்த கப்பலோ அன்றைய நிலையிலேயே மூப்படைகிறது. இவ்வேறுபாட்டை இவ்விளையாட்டின் மிக நுண்ணிய அமைப்பாக நாம் மதிக்கிறோம்.

தொல்காப்பியம் முற்றுவோனையும் அகத்தே நின்று காப்போனையும் உழிஞை என்னும் ஒரே திணையில் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை காப்போனுக்கு நொச்சியைத் தனித்திணை ஆக்கியது. இவ்விளையாட்டின் வரவுசெலவுத் திரை நொச்சிக்கு உரியது. போர்த்திரை அவ்வாறன்று. ஏவுகணை வந்து சேருமுன் முற்றுவோன் பின்வாங்கித் தப்பலாம். அசையாது நிற்கும் கோளுக்குப் பின்வாங்க இடமில்லை. தளங்கள் அழிந்தபின் பகைவன் அனுப்பும் குடிமக்களை எதிர்த்து நிற்பதும் கோளின் குடிமக்களே. அவர்களுக்கெனத் தனிப்படை இல்லை.

1996-இல் வெளிவந்த இரண்டாம் பாகம் இதனை விரிவுபடுத்தியது என்பர். ஏவுகணைத் தளம், தரைப் பீரங்கி, போர்விமானக் காவல், மூவகைக் கவசங்கள் எனப் பட்டியல் நீண்டது உண்மையே. ஆயினும் ஒவ்வொன்றும் கோளுக்கு ஒருமுறை கட்டி முடிக்கும் கட்டடமாகிவிட்டது. 'எத்தனை' என்ற வினா 'உண்டா, இல்லையா' எனச் சுருங்கியது. இதனை வளர்ச்சி என ஏற்க நமக்கு இயலவில்லை. கதிர்வீச்சுக் கவசம் மட்டும் விதிவிலக்கு: கதிர்வீச்சு மிக்க கோளை அது வெறும் தரிசுநிலம் ஆக்கி, வாழ்வதைச் சற்றே எளிதாக்குகிறது. காவலுக்கென எழுந்த ஒன்று உள்ளிருப்போரின் அன்றாடத்தையும் மாற்றும் அரிய இடம் அது. உச்சநிலைத் தடுப்புக் கவசமோ, தான் நிலைத்திருக்கும்வரை பகைவீரர் தரையிறங்கவே இடந்தராது. அது வீழும்வரை, உள்ளே இருக்கும் குடிகள் போரில் ஓர் எண்ணாகக்கூட இடம்பெறுவதில்லை.