தாவித் தாவிப் பேசும் வானொலி

அமெரிக்கத் தரைப்படையின் சிங்கார்ஸ் வானொலி ஓர் அலைவரிசையில் நிலைகொள்ளாது. 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸுக்குள் 2,320 தடங்கள். நொடிக்கு நூறு முறைக்கு மேல் தடம் மாறும். எதிரி ஒரு தடத்தை இரைச்சலால் அடைத்தால் பேச்சில் ஒரு துணுக்குதான் போகும். எல்லாத் தடங்களையும் ஒருசேர அடைக்கப் பார்த்தாலோ அவன் சக்தி நீர்த்துவிடும். தாவும் வரிசை ஒரே சாவியும் ஒரே கடிகார நேரமும் ஏற்றிய கருவிகளுக்கு மட்டுமே தெரியும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

1942-இல் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தெயிலும் டார்பிடோவை வழிநடத்த இதே உத்திக்குக் காப்புரிமை பெற்றார்கள். தானியங்கிப் பியானோவில் ஓடுவதுபோன்ற துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று கப்பலில், அதே துளைகளோடு இன்னொன்று டார்பிடோவில். இரண்டும் ஒரே வேகத்தில் சுழல, 88 அலைவரிசைகளுக்கிடையே தாவலாம். பியானோவின் கட்டைகளும் 88தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. என்னைக் கேட்டால், வானொலி வரலாற்றின் மிக அழகான காப்புரிமை அதுதான்.