‘இல்லை’ என்ற முடிவோடு நின்றுவிடும் சோதனை

காய்ச்சலும் வலிப்புமாக, நினைவு தப்பிய குழந்தையைக் கொண்டுவந்தால், ரத்தமும் தண்டுவட நீரும் எடுத்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனை செய்வது இந்தியாவில் வழக்கமாகியிருக்கிறது. இந்த வழக்கம் தேவையானது. ஆனால் இது மட்டும் போதாது.

வேலூர்ப் பகுதியில் 1955-ல் இந்தியாவிலேயே முதன்முறையாக அறியப்பட்ட நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பன்றியிடமும் கொக்கு இனங்களிடமும் உள்ள வைரஸை, நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் மனிதருக்குக் கடத்துகின்றன. தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. ஆகவே சோதனையில் உறுதியாகும் ஒரு குழந்தை, அந்த வட்டாரத்தில் வெளித்தெரியாமல் நடக்கும் பரவலையே காட்டிக்கொடுக்கிறது. எந்த மாவட்டத்துக்குத் தடுப்பூசி வேண்டும், அது பலன் தருகிறதா என்பதை, சோதனையில் உறுதியானவர்களின் கணக்கு இல்லாமல் அறிய முடியாது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் இந்த நோய் குழந்தைகளைப் பலிகொண்ட பெருந்துயருக்குப் பின், 2006-ல் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. அதன் பலனை அளந்து சொன்னதும் இத்தகைய சோதனைகளே.

குறைகளும் சிறியவை அல்ல. நோயின் முதல் சில நாட்களில் எதிர்ப்பொருள் தென்படாமல் போகலாம். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் டெங்கு போன்ற உறவு வைரஸ்களோடு குழப்பம் வரும். தண்டுவட நீர் தெளிவான விடை தரும் என்றாலும், எல்லாச் சிறு மருத்துவமனைகளிலும் அதை எடுக்க வசதி இல்லை. நோய் உறுதியானாலும் இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ‘இல்லை’ என்ற முடிவுக்குப் பிறகு தேடல் நின்றுபோவது. தடுப்பூசி வந்தபின்பும் கோரக்பூரில் மழைக்காலந்தோறும் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். பலருடைய நோய்க்குக் காரணம் தெரியவில்லை என்றே பதிவானது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தினர் உட்பட ஆய்வாளர்கள் 2010-களின் நடுவில் விரிவாகத் தேடியபோது, பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலின் தடயம் கிடைத்தது. அது பாக்டீரியா நோய். விலை குறைந்த டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் மருந்துகளுக்குக் கட்டுப்படும். மருந்தில்லாத நோயைத் தவறாமல் தேடிய ஏற்பாடு, மருந்துள்ள நோயை நெடுங்காலம் தேடாமல் விட்டிருக்கிறது.

இதற்காகச் சோதனையைக் கைவிடச் சொல்வது அறிவீனம். அதை விரிவாக்க வேண்டும். எடுத்த மாதிரியிலேயே ஸ்க்ரப் டைபஸையும் டெங்குவையும் தேட வேண்டும். முதல் மாதிரியை மிக முன்னதாக எடுத்திருந்தால் மறு மாதிரி கட்டாயம். உண்ணிக் காய்ச்சல் மிகுந்த வட்டாரங்களில் முடிவுக்குக் காத்திராமல் அதற்கான மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். ‘இல்லை’ என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மைக் காரணம் கண்டறியப்பட்டது என்ற எண்ணிக்கையையும் ஆண்டறிக்கையில் சேர்த்தால்தான் இந்த ஏற்பாடு முழுமை பெறும்.