குறையைக் காட்டாத பாடம்

புத்தளம் களப்பை அடுத்த பாலாவியில் இலங்கை விமானப்படையின் ஓடுபாதை ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் உப்பளங்கள், களப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம், அதையும் தாண்டினால் திறந்த கடல். இத்தகைய கரையில் வெளியே நிறுத்தப்படும் சிறு விமானத்தின் கீல்களையும் வடங்களையும் உப்புக்காற்று மெல்ல அரிக்கும். பாதி நிரம்பிய தாங்கிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராக இறங்கும். வேகமானிக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுபோகும் பிட்டோ குழாய்க்கு உறை போடாவிட்டால் குளவி மண் வைத்து அடைத்துவிடலாம். 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் கடலோரம் விழுந்து 189 பேரைப் பலிகொண்ட போயிங் 757 இன் விசாரணையும், பெரும்பாலும் குளவிக்கூடுதான் காரணம் என்றே கருதியது.

இத்தகைய குறைகளைக் கண்டுபிடிக்க உதவும், பறப்புக்கு முந்திய பரிசோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். செஸ்னா 172 இல் பழகும் மாணவர், கட்டுப்பாட்டுப் பிடியைப் பூட்டியிருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு விமானத்தைச் சுற்றி வருகிறார். மூட்டுகளைக் கையால் அசைத்துப் பார்க்கிறார். தாங்கியின் அடியிலிருந்து சிறு குவளையில் எரிபொருளை வடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். 100எல்எல் விமானப் பெற்றோல் இளநீலமாக இருக்க வேண்டும்; நீர் இருந்தால் அடியில் தனியே தங்கும். 172 இன் புதிய மாதிரிகளில் இப்படி வடிக்க 13 இடங்கள். அளவுமானி முள்ளை மட்டும் நம்பாமல் தாங்கிக்குள் கோல் விட்டு அளக்கப் பழகுவதும் அப்போதுதான். வகுப்பறையில் படித்த இயந்திரம் கைக்கு வசமாவது இந்தச் சில நிமிடங்களில்தான்.

ஆனாலும் குறைகள் நழுவிப்போகின்றன: கழற்றாத பூட்டு, இறுக்காத எரிபொருள் மூடி, முன்சில்லில் மாட்டியபடியே விட்ட இழுவைக் கம்பி. இதற்கு வழக்கமான மருந்து, சரிபார்ப்புப் பட்டியலில் இன்னொரு வரி சேர்ப்பது. 1935 ஒக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் 299 பூட்டு விடுவிக்கப்படாமல் மேலெழுந்து விழுந்தது, இருவர் இறந்தனர். அதன் பிறகே விமானிகளிடம் பட்டியல் வழக்கமாயிற்று. பட்டியல் மறதிக்கு நல்ல காவல். ஆனால் பயிற்சியில் நேரும் தவறு பெரும்பாலும் மறதியால் வருவதில்லை என்பது என் கருத்து.

ஒரு மாணவர் இதுவரை வடித்த எரிபொருள் எல்லாம் நீலமாகவே இருந்திருக்கும். கண் குவளைக்குப் போகுமுன்பே மனம் நீலத்தைப் பார்த்துவிடுகிறது. ஆய்வாளர் ஜெரமி வுல்ஃபும் சகாக்களும் படங்களில் பொருளைத் தேடவைத்து 2005 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது: தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது தவறவிட்டது ஏறத்தாழ 7 சதவீதம், நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. “சேர் எப்படியும் ஒருக்கா பார்ப்பார்” என்று மாணவர் இருக்க, “பொடியன் பார்த்திட்டான்” என்று பயிற்றுநர் இருப்பார். இரண்டு பேர் இருப்பதால் வரவேண்டிய பாதுகாப்பு அந்த இடத்தில் பாதியாகிவிடுகிறது.

அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை 2014 மே 31 விபத்து உடைத்தது. அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஒன்று பூட்டு விடுவிக்கப்படாமலே ஓடி எரிந்தது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். அதற்கு முந்திய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை என்று பதிவுக்கருவி காட்டியது. அத்தனை முறையும் எதுவும் நடக்காததே அந்தத் தேர்ந்த விமானிகளுக்குத் தவறான பாடமாகிவிட்டது.

ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. குறையையே கண்ணில் காட்ட வேண்டும். விமான நிலையப் பொதிச் சோதனையில் ஊடுகதிர்த் திரையில் போலி ஆயுதப் படங்களை இடையிடையே செருகிக் காவலரின் கண்ணை விழிப்பாக வைக்கிறார்கள். பயிற்றுநரும் அவ்வாறு குறை வைக்கலாம். இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. 1996 ஒக்டோபரில் பெருவில் கழுவும்போது அழுத்தத் துளைகள்மேல் ஒட்டிய நாடாவை அகற்ற மறந்ததால் ஒரு விமானத்தில் 70 பேர் இறந்தனர். வைத்த குறையை எடுக்க மறந்தால் அதுவே கொல்லும். அதனால் பறக்கவிருக்கும் விமானத்தில் கை வைக்கக்கூடாது. பராமரிப்புக்காகக் கொட்டகையில் நிற்கும் விமானம் போதும்: மண் அடைத்த பழைய பிட்டோ குழாய் ஒன்று, மூடி தளர்ந்த தாங்கி ஒன்று, அடியில் நீர் தங்கிய குவளை ஒன்று. எத்தனை குறைகள் என்று மாணவரிடம் சொல்லாமல் சுற்றிவர விட வேண்டும்.