கார்பெட்டின் இடது கையில் இரண்டு முட்டை: வேட்டை இலக்கியத்தில் துப்பாக்கியின் எடை

வேட்டைக் கதைகளைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் புலியைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளாக நான் துப்பாக்கியைப் பார்த்துப் படிக்கிறேன். எந்தத் துப்பாக்கி, எவ்வளவு கனம், யார் சுமந்தார்கள், சுடும்போது எந்தக் கையில் இருந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டே போனால் தெரிந்த கதையே வேறு மாதிரி தெரிகிறது. இது அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது. சுடுவதற்கு யோசனை சொல்லும் கட்டுரை இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இது வாசிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

எட்டு அடி தூரம்

ஜிம் கார்பெட்டின் 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' 1944-ல் வந்தது. தி.ஜ.ர. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நம்மில் பலர் பள்ளி நாட்களில் படித்தது அந்த வழியாகத்தான். அதில் சௌகர் புலிகளைப் பற்றிய அத்தியாயம் இருக்கிறது. ஒரு பெண் புலியும் அதன் வளர்ந்த குட்டியும் சேர்ந்து, கார்பெட் தரும் கணக்குப்படி, 64 பேரைக் கொன்றிருந்தன. குட்டி முதலில் செத்தது. தாய்ப்புலி 1930 ஏப்ரல் 11 அன்று விழுந்தது.

அந்தக் கடைசி நிமிடத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். கார்பெட் ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கி வருகிறார். வழியில் பக்கிக் குருவியின் முட்டை இரண்டு கிடைக்கிறது. முட்டை சேகரிப்பது அவர் பழக்கம். அவற்றை இடது கையில் வைத்துக்கொள்கிறார். வலது கையில் .275 ரிக்பி ரைஃபிள், மார்புக்குக் குறுக்கே, சேஃப்டி எடுத்த நிலையில். பெரிய பாறை ஒன்றைச் சுற்றி வந்து, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தால், புலி எட்டு அடியில் படுத்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

துப்பாக்கியின் வாய் வேறு பக்கம் இருக்கிறது. அதைப் புலிக்கு நேராகக் கொண்டுவர முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். வேகமாகத் திருப்பினால் புலி பாயும். ஆகவே ஒற்றைக் கையால், கடிகார முள் மாதிரி, மெல்ல மெல்லத் திருப்புகிறார். கை நீளமாகிக்கொண்டே போகிறது, துப்பாக்கியின் கனம் கையில் ஏறுகிறது. ஒருவழியாக வாய் புலிக்கு நேரே வந்ததும் விசையை அழுத்துகிறார். ஒரே குண்டு, கதை முடிந்தது. பிறகு முட்டைகளைக் கொண்டுபோய்க் கூட்டிலேயே வைத்துவிடுகிறார்.

உயிர் பிழைத்ததற்குக் கார்பெட்டே மூன்று காரணம் சொல்கிறார். ஒன்று, இடது கையில் முட்டை இருந்தது. இல்லாவிட்டால் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்துச் சட்டென்று திரும்பியிருப்பார். இரண்டு, துப்பாக்கி இலேசானது. கனமாக இருந்திருந்தால் ஒற்றைக் கையில் அப்படிச் சுற்றவே முடியாது. மூன்று, அது ஆட்கொல்லி. சாதாரணப் புலியாக இருந்தால் தப்பிக்கும் வேகத்தில் அவரை அடித்துவிட்டு ஓடியிருக்கும்.

ஒரு கிலோ வித்தியாசம்

அந்த வகை ரிக்பி ரைஃபிள் பொதுவாக ஏழு, எட்டு பவுண்டு இருக்கும், அதாவது மூன்றேகால் கிலோவிலிருந்து மூன்றரை கிலோ. ஜெர்மானிய மவுசர் போல்ட் அமைப்பு, தோட்டா 7 மில்லிமீட்டர். கார்பெட்டிடம் இருந்த இன்னொரு துப்பாக்கி ஜெஃப்ரி .450/400 இரட்டைக் குழல். அந்த ரகம் நாலரை கிலோவுக்குக் குறையாது. வித்தியாசம் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கத் தோன்றும்.

காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவரைக் கேளுங்கள், சொல்லிவிடுவார். தலையில் முப்பது கிலோ நிற்கும். அதே ஆள் கையை நேராக நீட்டி நாலு கிலோவை ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னால் தோள் நடுங்கும். எடையோடு, அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் பாரம். கார்பெட்டின் கை நீள நீள அந்த ஒரு கிலோ பல மடங்காகியிருக்கும். கனமான துப்பாக்கியாக இருந்தால் பாதி வட்டத்திலேயே வாய் தரையைப் பார்த்துத் தொங்கியிருக்கும்.

ஆனால் இலேசுக்கும் விலை உண்டு. அதே தோட்டாவை 4 கிலோ துப்பாக்கியில் சுடுவதற்கும் 3.2 கிலோ துப்பாக்கியில் சுடுவதற்கும் பின்னுதையின் ஆற்றலில் கால் பங்கு கூடுதல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் இதை அனுபவித்துப் பார்த்தார்கள். காட்டுச் சண்டைக்கென்று லீ-என்ஃபீல்டைச் செதுக்கி, குழலைக் குறைத்து, 1944-ல் நம்பர் 5 ரைஃபிளை இறக்கினார்கள். 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர். எடை சுமார் 3.2 கிலோ. தூக்க நன்றாக இருந்தது. சுட்டால் தோளைப் பெயர்த்தது. வாயில் தீப்பிழம்பு தெரியாமலிருக்கக் கூம்பு மாட்ட வேண்டியிருந்தது. குறி ஒரே இடத்தில் நிற்கவில்லை என்ற புகாரும் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது.

கார்பெட்டின் மூன்று காரணங்களோடு நான்காவதாக ஒன்றையும் நான் சேர்ப்பேன். போல்ட் ரைஃபிளை ஒற்றைக் கையில் பிடித்தால் அது ஒரே குண்டுத் துப்பாக்கிதான். அடுத்த குண்டை ஏற்ற போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்க வேண்டும், அதற்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கையில் முட்டை. இரட்டைக் குழலாக இருந்தால் இரண்டாவது குண்டு தயாராக இருந்திருக்கும், ஆனால் அதைச் சுற்றியிருக்க முடியாது. இலேசான துப்பாக்கி அவருக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது, இரண்டாவது வாய்ப்பை எடுத்துக்கொண்டது. முதல் குண்டு நான்கு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் இந்தப் புத்தகமே வந்திருக்காது. 'இலேசுதான் காப்பாற்றியது' என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆப்பிரிக்காவில் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பாலும் இதே .275 ரகத்தால். இலேசான துப்பாக்கியை ஆதரிக்கிறவர்கள் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் அந்த அளவுக்குக் குறி தவறாதவர்கள் எத்தனை பேர்? சின்னக் குண்டோடு போய்த் திரும்பி வராதவர்கள் நினைவுக் குறிப்பு எழுதுவதில்லை. பிழைத்தவரின் துப்பாக்கியை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது, லாட்டரி விழுந்தவரிடம் சேமிப்பு யோசனை கேட்பது மாதிரி.

ஆண்டர்சனின் .405

நம் பக்கம் வருவோம். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளை எழுதியவர் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910–1974). முதல் புத்தகம் 1954-ல். அவர் கையில் திரும்பத் திரும்ப வருவது வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா. இது போல்ட் இல்லை, லீவர். பெரிய குண்டு, பெரிய உதை.

கார்பெட்டையும் ஆண்டர்சனையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வேறுபாடு தெரியும். கார்பெட்டிடம் துப்பாக்கி ஒரு கருவி. எது கையில் இருந்தது என்பது கதையின் முடிவை மாற்றும் இடத்தில் அதைச் சொல்கிறார். ஆண்டர்சனிடம் அந்த .405 ஒரு பாத்திரம், பழைய கூட்டாளி. அவர் நிறையப் பரணில், இருட்டில், உட்கார்ந்தே காத்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறவருக்குத் துப்பாக்கியின் கனம் நல்லது, அசையாமல் நிற்கும். நடக்கிறவருக்குத்தான் எடை பகை. இரண்டு பேரும் இரண்டையும் செய்தவர்கள்தான். ஆனால் என் வாசிப்பில் கார்பெட்டின் சிறந்த பக்கங்கள் நடையில் நிகழ்கின்றன, ஆண்டர்சனின் சிறந்த பக்கங்கள் காத்திருப்பில். அவரவர் துப்பாக்கியும் அதற்கு ஏற்றாற்போல அமைந்திருக்கிறது.

திருவொற்றியூர்க் கணக்கு

எங்கள் ஊரில் 'என்ஃபீல்டு' என்றால் வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா வந்தது, திருவொற்றியூரில் புல்லட் உருவானது. அந்தப் பெயருக்கு மூலம் துப்பாக்கிதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி, என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததால் தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. பீரங்கிச் சின்னமும், துப்பாக்கி மாதிரி செய்தது என்ற விளம்பர வாசகமும் அதிலிருந்து வந்தவை. புல்லட் 160 கிலோவுக்கு மேல். "கனமா இருந்தாதான் உருப்படி" என்பது இங்கே டீக்கடை வேதம். இரும்பை நம்புகிற ஊர். அந்தக் கண்ணோடு படிக்கும்போதுதான் கார்பெட்டின் 'இலேசு' என்ற சொல் எனக்கு உறுத்தியது, இந்தக் குறிப்பும் பிறந்தது.

தேர்வு யாருக்கு இருந்தது?

இந்த இரண்டு ஆசிரியர்களையும் கொண்டாடும் கட்டுரைகளில் நான் காணாத கேள்வி இதுதான். இலேசா கனமா, போல்ட்டா லீவரா என்று யோசிக்க முடிந்தது யாரால்?

1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு. கார்பெட்டின் .275 கூட அவர் வாங்கியது இல்லை. சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஹிவெட் பரிசாகத் தந்தது, 1907-ல். அந்தப் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அந்த 436 பேரின் கிராமத்துக்காரர்களுக்கு அப்படியொரு தேர்வு இருக்கவில்லை.

ராணுவத் தோட்டா குடிமக்கள் கையில் புழங்கக்கூடாது என்ற பயம் இன்னொரு பக்கம். .303 தடை. அதனால்தான் இஷாப்பூர் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு உடம்பிலேயே வேறு தோட்டா பொருத்தி .315 ரைஃபிளைச் செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகும், உரிமம் கிடைத்த இந்தியருக்குக் கைக்கெட்டிய போல்ட் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் அதுதான். இலேசா கனமா என்ற பேச்சே இல்லை, கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி கையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 1972 கணக்கெடுப்பே சாட்சி, அப்போது மிஞ்சிய புலிகள் 1,827. நான் சொல்வது வாசிப்பைப் பற்றி. கார்பெட் அந்த மூன்று காரணங்களை எழுதியதில் ஒரு நேர்மை இருக்கிறது. என் திறமை என்று மார்தட்டாமல் முட்டை, எடை, புலியின் குணம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறார். அவருக்குப் பின் வந்த ரசிகர்கள் அந்தப் பங்கையெல்லாம் திரும்ப எடுத்துத் துப்பாக்கிக்கே கொடுத்துவிட்டார்கள். 2015-ல் ரிக்பி நிறுவனம் அந்த .275-ஐ வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டது. இப்போது அது ஒரு திருவுருவம்.

அடுத்த முறை சௌகர் அத்தியாயத்தைப் படிக்கும்போது துப்பாக்கியை விட்டுவிட்டு அந்த இடது கையைக் கவனியுங்கள். முட்டை உடையக்கூடாது என்ற ஒரு சின்ன அக்கறை அவர் வேகத்தைக் குறைத்தது. எந்த ரைஃபிள் சிறந்தது என்ற விவாதத்தில் அதை எந்தப் பத்தியில் சேர்ப்பீர்கள்?